சமிசென் பின்னணி இசையன்று

ஆசிரியருக்கு,

ஜப்பானியப் பொம்மலாட்டமான புன்ராக்கு பற்றி உங்கள் கலைப் பகுதியில் வந்த குறிப்பு, அதில் வாசிக்கும் சமிசென் என்னும் நரம்புக் கருவியைப் ‘பின்னணி இசை’ என்கிறது. திருகோணமலையில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடக்கூடும்.

1684இல் ஒசாக்காவில் அரங்கு தொடங்கிய தகெமோத்தோ கிதயூவின் பெயரால், புன்ராக்குவில் சமிசெனோடு கதை சொல்லும் பாணிக்குக் கிதயூ-புஷி என்று பெயர். நம் கூத்தில் ஆடுபவர் பாட, பிற்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பார்கள். புன்ராக்குவில் கிழவன், பெண், குழந்தை எல்லாருக்கும் குரல் பெரும்பாலும் ‘தயூ’ என்னும் கதைசொல்லி ஒருவருடையதே. அடிவயிற்றில் துணிப்பட்டியை இறுகக் கட்டி, மணலோ பயறோ அடைத்த சிறு பையை உடைக்குள் செருகி, சின்ன மணையில் அமர்ந்து கால்விரல்களை ஊன்றிக்கொள்வார். மூச்சு வயிற்றிலிருந்து எழத்தான் இத்தனையும். தொண்டையால் மட்டும் கத்தினால் குரல் விரைவில் கட்டிப்போகும்.

பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது தடித்த கழுத்துள்ள, மூன்று நரம்புச் சமிசென். கனத்த மீட்டுகோல் நரம்பையும் கருவியின் உடலில் போர்த்திய தோலையும் சேர்த்து அடிப்பதால் ஒவ்வொரு மீட்டலிலும் கொட்டின் ஒலி கலந்திருக்கும். நரம்புகளைத் தாங்கும் எருமைக்கொம்புக் குதிரையில் ஈயம் பதித்திருப்பது ஒலிக்குக் கனம் சேர்க்க. பட்டு நரம்பு பாதியில் தளரும். வாசித்தபடியே இடக்கையால் முறுக்காணியைத் திருகுவார்கள். நம் மாரிகால ஈரக்காற்று போன்றதில் தோலை ஒட்டிய பசை இளகும். மத்தளக்காரருக்கு இந்த வில்லங்கம் நன்றாகத் தெரியும்.

சமிசென் கலைஞரின் மெய்யான வேலை இனிமேல்தான். தயூ வெறும் பேச்சாகச் சொல்லும் இடங்களில் சமிசென் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஓய்வென்று நினைக்கக் கூடாது; கலைஞர் தயூவின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார். சரியான கணத்தில் ஒரே தட்டு, பேச்சு பாட்டுக்குள் ஏறிவிடும். தட்டு அரைக்கணம் முந்தினால் அழுகை பொய்யாகத் தெரியும், பிந்தினால் பொம்மை கையை உயர்த்தியபடி காத்து நிற்கும். முக்கியப் பொம்மை ஒவ்வொன்றையும் மூன்று பேர் இயக்குவதால் அந்தத் தாமதம் மூவரையும் தடுமாற வைக்கும். இதை எப்படிப் பின்னணி என்பது? அழகான குறிப்பில் அந்த ஒரு சொல் மிகவும் உறுத்துகிறது.

வகுப்பில் ஒளிப்பதிவு காட்டும் ஆசிரியர்களுக்கு ஒன்று. பார்வையாளருக்கு வலப்புறத் திண்ணையில் இவ்விருவரும் தெரியும் பதிவையே தேர்ந்தெடுங்கள். முதல் பத்து நிமிடம் பொம்மைகளை விட்டு அந்தத் திண்ணையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நடிகர்களே மேடையேறும் ஜப்பானிய நாடகமான கபுக்கியின் பதிவைக் கலக்க வேண்டாம். அங்கே நடிகர் தம் வசனத்தைத் தாமே பேசுவார்.

அரங்கியல் ஆசிரியர்கள்,
திருகோணமலை