‘ஏழைகளின் ஊட்டிதானே சார்!’ – கோல்டு பேக்கேஜ் பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஐந்தாவது புகார்

அனுப்புநர்:
கோல்டு பேக்கேஜ் வாடிக்கையாளர்,
ஏற்காடு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சேலம் கிளை.

பொருள்: என் நாய் பஞ்சுவைக் கேட்காமல் மொட்டையடித்தது, வேன் வராதது, பணம் திரும்பி வராதது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் ஈமெயிலில் போனவை. நான்குக்கும் ஒரே பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி, 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்." முதல் ஈமெயில் போய் இன்றோடு 26 நாள். அதனால்தான் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்பதாவது எனக்குத் தெரியும் அல்லவா.

நாயைக் குளிப்பாட்டி, முடியும் நகமும் வெட்டிவிடும் உங்கள் கோல்டு பேக்கேஜில் என்னென்ன உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரசீதின் பின்பக்கம் ஐந்தாவது வரியைப் பாருங்கள், போதும். 14,400 ரூபாயை ஒரே தவணையில் வாங்கிக்கொண்டீர்கள். பன்னிரண்டு தடவைக்கு. நடந்தது மூன்று தடவை. அதில் இரண்டு தடவை நகம் மட்டும் வெட்டினீர்கள். மூன்றாவது தடவைதான் இந்தக் கடிதம்.

அதற்குப் போகும் முன் உங்கள் போன்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வேறு எதுவும் எழுத வராது. டிசம்பர் முதல் வாரம், மொட்டையடித்த மறுநாள், நான்தான் கூப்பிட்டேன். பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு எடுத்தார். "உரித்த கோழி மாதிரி அனுப்பியிருக்கீங்களே, மலைக் குளிர் நாய்க்குத் தாங்குமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். "ஏற்காடுதானே சார், ஊட்டியா? ஏழைகளின் ஊட்டிதானே. அவ்வளவெல்லாம் குளிராது. முடிதானே, வளர்ந்துடும்" என்றார். அதோடு விட்டாரா? போனை வைக்கும் முன் பக்கத்தில் இருந்தவரிடம், "நாய்க்கு ஸ்வெட்டர் கேக்குறாங்கப்பா" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

நான் ஸ்வெட்டர் கேட்கவே இல்லை.

ஐயா, எங்கள் வீடு கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரம் தெரியாது, அவ்வளவு மூடுபனி. ஒரு நாள் இங்கே வந்து அந்தப் போன்காரரைச் சட்டையில்லாமல் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். பஞ்சு மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. என் பழைய ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டி, கால் நுழைய ஓட்டை போட்டு என் மனைவி அதற்கு மாட்டிவிட்டாள். பால்காரர் பார்த்துவிட்டு, "புது நாய்ங்களா? பழசு எங்க?" என்று கேட்டார். இதே தெருவில் அதை எல்லோரும் ஆட்டுக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

பஞ்சு பூடிலும் காக்கர் ஸ்பானியலும் கலந்த காக்கப்பூ. வயது ஒன்று. "முடி கொட்டாது, பராமரிப்பு சுலபம், அலர்ஜியே வராது" என்று உங்கள் நோட்டீஸில் போட்டிருக்கிறதே, அந்த ஜாதிதான். முடி கொட்டாது என்பதில் பாதி உண்மை. தரையில் விழாது. விழ வேண்டிய முடி சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, பக்கத்து முடியோடு பின்னி, ஒரு வாரத்தில் சிக்காகி, மூன்று வாரத்தில் கம்பளித் துண்டு போலத் தோலோடு ஒட்டிவிடும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்குக் கீழே. மேலே தடவினால் பஞ்சு போலத்தான் இருக்கும். சீப்பைத் தோல் வரைக்கும் விட்டால்தான் நிற்கும் இடம் தெரியும். அதிலும் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் ஆறாவது மாதத்திலிருந்து ஒரு வயது வரைதான் மோசமான காலம். எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தால் நாயுருவி விதை வேறு வயிறு முழுக்க ஒட்டிக்கொண்டு வரும். உண்ணி இருக்கிறதா என்று பார்க்கக்கூட முடியைப் பிரிக்க முடியாது.

இதெல்லாம் தெரிந்துதான் பேக்கேஜ் எடுத்தேன். தினமும் பிரஷ் போட வேண்டியது என் வேலை, ஒத்துக்கொள்கிறேன். காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில் மூன்று வாரம் ஒழுங்காகப் போடவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அக்டோபரிலும் நவம்பரிலும் உங்கள் வேன் வந்திருந்தால் அந்த மூன்று வாரம் ஒரு விஷயமே இல்லை.

வேன். "வீட்டு வாசலுக்கே வரும்" என்று நோட்டீஸில் இருக்கிற அந்த வேன். அக்டோபரில் காலை ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, பத்தரைக்கு டிரைவர் கூப்பிடுகிறார்: "சார், அடிவாரத்துல நிக்கிறேன், மேல ஏத்த வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நாயைக் கீழ கொண்டாந்துடுங்க." இருபது கொண்டை ஊசி வளைவு. பஞ்சுவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, முதல் சில வளைவுகளிலேயே வாயில் நுரை தள்ளும். அன்றும் தள்ளியது. என் மடியில். மழை வேறு. செக்போஸ்ட் பக்கம் போய்ச் சேர்ந்தால் வேன் இல்லை. போன் செய்தால், "உங்களுக்காகக் கால் மணி நேரம் பார்த்துட்டு அழகாபுரத்துக்கு அடுத்த புக்கிங் போயிட்டேன் சார்." கால் மணி நேரத்தில் இருபது வளைவு இறங்க நான் என்ன உருண்டா வர வேண்டும்? அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு, நாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி இருபது வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தோம். உங்கள் கணக்கில் அந்த நாள் "வாடிக்கையாளர் வரவில்லை" என்று ஏறி, பன்னிரண்டில் ஒன்று கழிந்துவிட்டது. நவம்பரில் வேன் ரிப்பேர். அதற்கும் ஒன்று கழித்திருக்கிறீர்கள்!

அதனால்தான் டிசம்பரில் நானே அஸ்தம்பட்டிக் கடைக்குக் கொண்டு வந்தேன். பத்தரை மணி அப்பாயின்ட்மென்ட். பன்னிரண்டே காலுக்குத்தான் உள்ளே எடுத்தார்கள். காத்திருந்த நேரத்தில் உங்கள் சுவரில் இருக்கும் லாப்ரடூடில் போஸ்டரை நான்கு தடவை படித்தேன். 1989-ல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், ஹவாயில் இருந்த பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் வேண்டுமென்று, அவர் கணவருக்கு நாய் முடி அலர்ஜி என்பதால் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார் என்று அழகாகப் போட்டிருக்கிறீர்கள். மீதியையும் போட்டிருக்கலாம். பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. பூடில் கலப்பு என்று ஆளாளுக்கு விற்க ஆரம்பித்ததைப் பார்த்து, ஏன்தான் இதைத் தொடங்கினோமோ என்று பிற்பாடு அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். அலர்ஜி முடியில் மட்டுமா இருக்கிறது? எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் செதிலிலும் இருக்கிறது. என் மைத்துனர் பஞ்சுவைத் தூக்கினால் இன்றும் பத்துத் தும்மல் தும்முவார். இது உங்கள் மேல் புகார் இல்லை, போஸ்டரின் மேல்.

அப்புறம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே போனதும் உங்கள் கடைப் பையன் செய்த முதல் வேலை, பஞ்சுவைத் தொட்டியில் நிறுத்திக் குழாயைத் திறந்தது. பிரஷ் போடவில்லை, சீப்புப் போடவில்லை, நேராகத் தண்ணீர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சிக்கோடு நனைக்கக் கூடாது என்பது எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா? நனைந்த கயிற்றின் முடிச்சு இறுகுவது மாதிரி அது இறுகிவிடும். காய்ந்தபோதே கையால் பிரித்து, மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் போட்டு, இரும்புச் சீப்பு தடங்கலில்லாமல் ஓடிய பிறகுதான் ஷாம்பு. கதவைத் தட்டிச் சொன்னேன். "நாங்க இப்படித்தான் சார் பண்ணுவோம், நீங்க வெளிய வெயிட் பண்ணுங்க" என்றான். எதிரில் டீக்கடையில் உட்கார்ந்தேன். ஃபாரத்தில் "முழு முடியும் எடுக்க வேண்டுமானால்" என்ற இடத்தில் "முதலில் போன் செய்யவும்" என்று நான் எழுதியது உங்களிடமே இருக்கிறது. போன் என் கையில்தான் இருந்தது. அடிக்கவில்லை. இரண்டு மணிக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்கள். பஞ்சு என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கண்களால் மட்டும்தான்.

முடி வளரும், சரி. காது? மறுநாள் காலை பஞ்சுவின் இடது காது மடல் இட்லி போல உப்பியிருந்தது. டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார். கனமாக ஒட்டிக்கிடந்த சிக்கை ஒரேயடியாக வழித்தால் நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும், அந்த உதறலில் மடலுக்குள் ரத்தநாளம் உடைந்து ரத்தம் கட்டிவிடுமாம். முடி எடுக்கிறவர்கள் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டிய விஷயம் இது என்றார். என்னிடம் யார் சொன்னது? ரத்தத்தை எடுத்து, தலையோடு சேர்த்துக் கட்டுப் போட்டு, 4,150 ரூபாய். பில் இணைத்திருக்கிறேன். அதற்கு மூன்று தடவை மலை இறங்கினேன். அந்த மூன்று நாளும் பறிக்க ஆள் வந்து நின்றார்கள், மேற்பார்வைக்கு ஆளில்லை. பழுத்தது உதிர்ந்து, உதிர்ந்தது அழுகி, இந்த வருஷ வெள்ளாமையே போயிற்று என்றுதான் சொல்வேன். மிளகும் பாழ். அதற்கு யார் கணக்குச் சொல்வது?

நான் சண்டைக்காரன் இல்லை. முதல் இரண்டு தடவை நகம் வெட்டிய பெண் மிகப் பொறுமையாக வெட்டினார், பஞ்சுவும் அவர் கையை நக்கியது. அவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. பேக்கேஜ் பணத்தையும் டாக்டர் செலவையும் கொடுத்துவிட்டு, அந்தப் போன்காரரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொன்னால் நான் பேசாமல் போய்விடுவேன்.

இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நேராகப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, விசாரித்துவிட்டேன். அங்கே பேக்கேஜும் டாக்டர் பில்லும் சேர்ந்த 18,550 மட்டும் கேட்க மாட்டேன். வெள்ளாமையும் மன உளைச்சலும் சேர்த்து இரண்டு லட்சம் கேட்பேன். போன்காரர் சொன்னதையும் வார்த்தை மாறாமல் எழுதுவேன். ஏழை என்று சொன்னாரே, அந்த ஏழை வாய்தாவுக்கு வாய்தா இருபது வளைவு இறங்கி வருவான். பதினைந்து நாள் தருகிறேன்.

தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. பஞ்சுவின் சிவப்புக் கழுத்துப்பட்டையும் நான் கொண்டு வந்த இரும்புச் சீப்பும் உங்கள் கடையிலேயே இருக்கின்றன. மன்னிப்பு வராவிட்டாலும் அவை இரண்டையும் தபாலில் அனுப்பிவிடுங்கள். முகவரி ரசீதில் இருக்கிறது. தபால் வண்டி இங்கே தினமும் ஏறி வருகிறது.

இப்படிக்கு,
பஞ்சுவின் வீட்டுக்காரன்.

இணைப்பு: ரசீது நகல், டாக்டர் பில், ஃபாரத்தின் போட்டோ, பஞ்சுவின் முன்னும் பின்னுமான படங்கள் இரண்டு.