மைக்கேல் கெய்னோடு நடித்த அந்தப் பாட்டி யார்?: மதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதி,

'தி கிரேட் எஸ்கேப்பர்' பார்த்துவிட்டு, "சித்தி, மைக்கேல் கெய்னைத் தெரியும். அவருக்குப் பொண்டாட்டியா வர்ற பாட்டி யாரு? முகத்தை அசைக்காமலே அழ வைக்குறாங்களே!" என்று கேட்டிருந்தாய். கிளெண்டா ஜாக்சன், 2 ஆஸ்கர், 23 வருடம் எம்.பி. என்று ஒரே வரியில் பதில் போட்டிருப்பேன். போட்டிருந்தால் நீயும் "ஓஹோ" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பாய். அதனால்தான் இந்த நீளக் கடிதம். உன் சம்மதத்தோடு பொதுவிலேயே போடுகிறேன்.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றைத் தாண்டினால் பர்க்கன்ஹெட். 1936 மே 9 அன்று அங்கே பிறந்தவர். அப்பா கொத்தனார். அம்மா கடைகளில் நின்றார், மதுக்கடையில் பரிமாறினார், வீடுகளைப் பெருக்கித் துடைத்தார். நான்கு பெண்களில் இவர் மூத்தவர். கிளெண்டா ஃபாரெல் என்ற ஹாலிவுட் நடிகையின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார்கள். ஆனால் வீட்டில் யாரும் அவர் நடிகையாவார் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு பூட்ஸ் மருந்துக்கடையில் 2 வருடம் கவுன்ட்டரில் நின்றார். அலுப்பு தாங்காமல் ஊரிலிருந்த அமெச்சூர் நாடகக் குழுவில் சேர்ந்து, அதில் ருசி கண்டு, லண்டனில் ராடா நாடகப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

அங்கே அவருக்குச் சொல்லப்பட்டதை வாழ்நாள் முழுக்கப் பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். நீ குணச்சித்திர நடிகை, 40 வயதுவரை பெரிதாக வாய்ப்பு வரும் என்று எதிர்பார்க்காதே என்றார்களாம். நீ அழகி இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை அது. சொன்னவர்கள் முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. 1957-ல் மேடையேறியவருக்கு அடுத்த 6, 7 வருடம் ஊர் ஊராக ரெபர்ட்டரி கம்பெனிகள்தான். ஒரு நாடகம் ஓடும்போதே பகலில் அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும். நடிப்போடு மேடை நிர்வாகத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் மாதக்கணக்கில் வேலை இருக்காது, மறுபடி ஏதாவது கடையில் நிற்க வேண்டியதுதான்.

1964-ல் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் கண்ணில் பட்டார். பின்னாளில் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக்கினாரே, அதே புரூக். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக அவர் போட்ட 'மரா/சாட்' நாடகத்தில், பைத்தியக்கார விடுதியில் இருக்கும் ஒரு நோயாளி, பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மராவைக் கொலை செய்யும் ஷார்லட் கார்டேயாக நடிக்கிறாள். அந்த நோயாளி வேடம் கிளெண்டாவுக்கு. சவுக்கு இல்லை, தன் நீளக் கூந்தலையே வீசி, அதே விடுதியில் அடைபட்டிருக்கும் எழுத்தாளர் சாட் பிரபுவின் முதுகில் அடிப்பார். லண்டனும் நியூயார்க்கும் அந்தக் காட்சியைப் பற்றியே பேசின. அழகுக்காக வளர்க்கும் கூந்தலை ஆயுதமாக்கிய பெண்ணுக்கு அதற்குப் பிறகு யாரும் காதலி வேடம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைப்போம். சினிமா இயக்குநர் கென் ரஸ்ஸல் கொடுத்தார். 1969-ல் 'விமன் இன் லவ்'. நீளக்கொம்பு மாட்டுக் கூட்டத்துக்கு எதிரே நின்று ஆடுவாளே குட்ரன் என்ற நாயகி, அது இவர்தான். படப்பிடிப்பின்போது வயிற்றில் பிள்ளை. முதல் ஆஸ்கர் இந்தப் படத்துக்கு. இரண்டாவது, 1973-ல் வந்த 'எ டச் ஆஃப் கிளாஸ்' என்ற சிரிப்புப் படத்துக்கு. எனக்கு அந்தப் படம் சுமார்தான். நடுவில் வந்த 'சண்டே ப்ளடி சண்டே'க்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டு விழாவுக்கும் அவர் போகவில்லை. சிலைகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா என்ன செய்தார் தெரியுமா? வீட்டுப் பித்தளைச் சாமானைத் தேய்ப்பதுபோல் தேய்த்துத் தேய்த்து, மேல் முலாம் போய் உள்ளிருந்த உலோகம் வெளியே வந்துவிட்டதாம்.

நீ தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டியது 1971-ல் பிபிசியில் வந்த 'எலிசபெத் ஆர்'. ஆறு பாகம், ஒவ்வொன்றும் ஒரு முழு நாடகம். 35-ஐக்கூடத் தொடாத ஒரு நடிகை, ராணி முதலாம் எலிசபெத்தின் இளமையிலிருந்து 70-ஐ நெருங்கிய சாவுவரை நடித்தார். ராணியின் ஏறு நெற்றிக்காக முன்மண்டையை நிஜமாகவே மழித்துக்கொண்டார். வயதாக ஆக ஒப்பனை கனத்துக்கொண்டே போகும், குரலோ இறுகிக்கொண்டே போகும். கடைசிப் பாகத்தில் வெள்ளைப் பூச்சுக்குள் கண்கள் மட்டும்தான் உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் ஒளிபரப்பாகி, தொலைக்காட்சிக்கான எம்மி விருது இரண்டை அவருக்கு வாங்கித் தந்தது. அதே வருடம் ஒரு திரைப்படத்திலும் அதே எலிசபெத் வேடம். அதுவும் போதாதென்று, பிரிட்டனையே சிரிக்கவைத்த மோர்கம்-வைஸ் நகைச்சுவை ஜோடியின் நிகழ்ச்சிக்குப் போய் கிளியோபாட்ராவாக அசட்டு வசனம் பேசினார். அதைப் பார்த்துத்தான் அவருக்குச் சிரிப்புப் படமும், அதன் வழியாக இரண்டாவது ஆஸ்கரும் வந்தது. "எங்களோடேயே இரு, இன்னொன்றும் வாங்கித் தருகிறோம்" என்று அவர்கள் தந்தி அடித்தார்களாம்.

எண்பதுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். மேடையில் நல்ல வேடங்கள் வந்தன, சினிமாவில் குறைந்தன. பர்க்கன்ஹெட்டில் அவர் பெயரில் ஒரு நாடக அரங்கமே 1983-ல் வந்துவிட்டது. இன்னும் 50 வயதாகவில்லை, அதற்குள் கட்டடத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது!

"சமூகம் என்று ஒன்றுமில்லை" என்று கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சர் சொன்னதைக் கேட்ட ஆத்திரத்தில், மூடியிருந்த கண்ணாடிக் கதவில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கோபம்தான் அவரைத் தேர்தலுக்கு இழுத்து வந்தது. 1992-ல் லேபர் கட்சி சார்பில் ஹாம்ஸ்டெட் அண்ட் ஹைகேட் தொகுதியில் நின்று, கன்சர்வேட்டிவ் கையில் இருந்த அந்த இடத்தைப் பிடித்தார். பிடித்த கையோடு நடிப்பை விட்டுவிட்டார். சும்மா ஓரமாக வைக்கவில்லை, அடியோடு விட்டார். கௌரவ வேடமில்லை, மேடையில் ஒரு மாலைப் பொழுதுகூட இல்லை. இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒரு பெண், 55 வயதில் தொகுதி மக்களின் வீட்டு வாடகைப் புகார்களைக் கேட்க உட்கார்ந்துவிட்டார்.

அமைச்சராக அவர் பெரிதாகச் சாதித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். 1997-லிருந்து 2 வருடம் லண்டன் போக்குவரத்தைக் கவனிக்கும் இளநிலை அமைச்சர் பதவி. அதை விட்டுவிட்டு லண்டன் மேயர் வேட்பாளராகப் பார்த்தார், கட்சிக்குள்ளேயே தோற்றார். எனக்குப் பிடித்தது பதவி இல்லாமல் பின்வரிசையில் இருந்த கிளெண்டா. இராக் போரை எதிர்த்துத் தன் கட்சிப் பிரதமர் பிளேருக்கே தலைவலியானார். 2010 தேர்தலில் 42 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார்.

2013 ஏப்ரலில் தாட்சர் இறந்ததும் பார்லிமெண்ட் அஞ்சலிக்காகக் கூடியது. எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்த அவையில் இவர் எழுந்து நின்று, கடை வாசல்களே வீடற்றவர்களின் படுக்கையறையாக மாறிய இரவுகளைச் சொன்னார். பள்ளிச் சுவரின் காரை விழாமல் பிள்ளைகளின் ஓவியங்களும் செல்லோடேப்பும்தான் தாங்கிப் பிடித்தன என்றார். எதிர்வரிசையில் கூச்சல். நிறுத்தவில்லை. முதல் பெண் பிரதமர் என்கிறார்களே, பெண்பால், சரி; பெண்ணா? என் கணக்கில் இல்லை என்று முடித்தார். செத்தவரைப் பற்றி அன்று அப்படிப் பேசலாமா என்று நீ கேட்டால், எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நடிகையாக அந்தப் பேச்சைக் கவனித்துப் பார். கையை ஆட்டவில்லை, குரலைத் தழுதழுக்க விடவில்லை. எலிசபெத் ராணியின் அதே மெய்யெழுத்து அழுத்தம், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும்.

2015-ல், 79-வது பிறந்தநாளுக்குச் சற்று முன்பு, பதவியை விட்டார். அத்தோடு ஓய்வெடுத்திருந்தால் நீயும் நானும் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம். முன்பு லோர்காவின் 'பெர்னார்டா ஆல்பா' நாடகத்தில் இவரை இயக்கிய ஸ்பானிய நடிகை நூரியா எஸ்பெர்ட், எண்பதை நெருங்கிய வயதில் பார்சிலோனாவில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நடித்தார். அப்போது கிளெண்டாவுக்கும் ஆசை வந்திருக்க வேண்டும். 2016 அக்டோபரில் லண்டன் ஓல்ட் விக் அரங்கில், டெபோரா வார்னர் இயக்கத்தில், 80 வயதில் லியராக வந்தார். கால் நூற்றாண்டாக மேடையில் நிற்காத உடம்பு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாடகம், ஷேக்ஸ்பியர் எழுதியதிலேயே தொண்டையை அதிகம் கேட்கும் ஆண் வேடம். பெண் நடிக்கிறாள் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோகிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இதற்கு அவர் சொன்ன விளக்கம் எளிமையானது: குழந்தையாக இருக்கும்போதும் முதுமையிலும் ஆண் பெண் எல்லை மங்கிவிடுகிறது. இன்னொன்றையும் கசப்போடு சொன்னார். 25 வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் நாடகாசிரியர்களுக்குப் பெண்கள் இன்னும் சுவாரசியமாகப் படவில்லையாம். நடிகைகளுக்கு 40-க்கு மேல் வேடமில்லை என்று நாம் புலம்புவதை, அவர் லியரின் கிரீடத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பேசினார்.

பிறகு நடந்ததெல்லாம் விறுவிறுவென்று. 2018-ல் எட்வர்ட் ஆல்பியின் 'த்ரீ டால் விமன்' நாடகத்துக்காக அமெரிக்க நாடக விருதான டோனி. 2019-ல் பிராட்வேயில் மறுபடி லியர். அதே வருடம் 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' தொலைக்காட்சிப் படத்தில், ஞாபகம் கரைந்துகொண்டே போகும் மாட் (Maud) என்ற பாட்டியாக வந்து பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கினார். உன் அம்மாச்சியின் கடைசி வருடங்களை அருகிலிருந்து பார்த்தவள் நீ. அந்தப் படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்க்காதே.

நீ பார்த்ததுதான் அவருடைய கடைசிப் படம். 2023 ஜூன் 15 அன்று லண்டன் பிளாக்ஹீத் வீட்டில் காலமானார், படம் அக்டோபரில் வெளியானது. கெய்னோடு அவர் முதலில் ஜோடி சேர்ந்தது 1975-ல், 'தி ரொமான்டிக் இங்கிலிஷ்வுமன்' படத்தில். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நடுவில் 48 வருடம் ஓடியிருப்பது அவர்கள் முகத்திலேயே தெரியும்.

முதலில் 'எலிசபெத் ஆர்', அப்புறம் பார்லிமெண்ட் பேச்சு, அப்புறம் 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்'. பழைய ஸ்டுடியோ செட், மெதுவான கேமரா என்று முதல் பாகத்திலேயே அலுத்துக்கொள்ளாதே, மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். மோர்கம்-வைஸ் கிளியோபாட்ராவை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள். அதை முதலில் பார்த்துவிட்டால், ராணி வேடத்தில் அந்த அம்மா முறைக்கும்போதெல்லாம் உனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அன்புடன்,
சித்தி