ஜாக்கி கூகன் மாலைக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

மதுரையில் எங்கள் தெரு நூலகம் சார்பில் அந்தக் கால ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகனைப் பற்றிப் போன சனிக்கிழமை நடத்திய மாலை நல்லபடியாக முடிந்தது. யாருடைய பெயரும் வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் சொல்லிவிட்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதலில் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு. கூடத்தைத் தந்ததோடு நிற்காமல், வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களுக்குத் துணி கட்டும் வேலையிலும் கூடவே நின்றார். புரொஜெக்டர் தந்த ஸ்டுடியோ அண்ணன் வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

அப்புறம், பிளஸ் டூ படிக்கும் அந்தத் தம்பி. 1921இல் வந்த சாப்ளினின் 'தி கிட்' மௌனப் படம். ஆங்கிலத்தில் வரும் எழுத்து அட்டைகளை அவன்தான் தமிழில் வாசித்தான், அதுவும் நம் ஊர்ப் பேச்சில். சிறுவன் ஜாக்கி கண்ணாடி ஜன்னலை உடைக்கக் கல்லோடு கையைப் பின்னால் ஓங்க, அந்தக் கை பின்னால் நிற்கும் போலீஸ்காரர் மேல் படும். ஜாக்கி திரும்பிப் பார்ப்பான். கல்லைச் சும்மா தூக்கிப் போட்டு விளையாடுகிறவன் மாதிரி நடித்துவிட்டு ஓடுவான். கூடத்தில் எழுந்த சிரிப்பு அடங்கும்வரை தம்பி அடுத்த அட்டையை வாசிக்காமல் பொறுத்திருந்தான். அந்தப் பக்குவத்துக்கு என் தனி நன்றி.

அதே கூடம், அநாதை விடுதிக்காரர்கள் பையனைப் பிடுங்கிப் போகும் காட்சியில் அப்படியே அமைதியானது. அந்த அழுகை எப்படி வந்தது என்று சாப்ளினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். "அழாவிட்டால் உன்னை நிஜமாகவே விடுதியில் சேர்த்துவிடுவார்கள்" என்கிற மாதிரி ஜாக்கியின் அப்பாதான் மிரட்டியிருக்கிறார். இதைச் சொன்னதும் முன் வரிசைச் சிறுமி ஒருத்தி, "அவன் பெரியவனாகி என்ன ஆனான்?" என்று கேட்டாள். இந்த மாலையை நடத்த நான் ஆசைப்பட்டதே இந்தக் கேள்விக்காகத்தான்.

1914இல் பிறந்த ஜாக்கி, பத்து வயதுக்குள் உலகத்துக்கே தெரிந்த முகம். 1924இல் போரில் அநாதையான ஆர்மீனிய, கிரேக்கக் குழந்தைகளுக்காக ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினான். பணமாகவும் பொருளாகவும் சேர்ந்தது பத்து லட்சம் டாலருக்கு மேல். வளர்ந்ததும் அந்தப் பிரபலமான கிராப்பை வெட்டினார்கள். 1927இல் அதையே வைத்து ஒரு படமும் எடுத்தார்கள். அப்பா 1935இல் கார் விபத்தில் இறந்தார். சம்பாதித்த முப்பது, நாற்பது லட்சம் டாலர் எங்கே என்று தாயார் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் 1938இல் வழக்குப் போட்டார் ஜாக்கி. கலிபோர்னியச் சட்டப்படி அன்று குழந்தையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். கடைசியில் கைக்கு வந்தது 1,26,000 டாலர். கையில் காசில்லாமல் நின்ற நாளில் ஆயிரம் டாலர் கொடுத்தவர் சாப்ளின். அந்த வழக்கு கிளப்பிய கோபத்தில்தான், குழந்தை நடிகர்களின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைப் பாதுகாக்க 1939இல் கூகன் சட்டம் வந்தது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. குழந்தை சம்பாதிப்பது குழந்தைக்கே என்று தெளிவானதும், 15 சதவீதத்தைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்ற விதி விரிவானதும் 2000இல்தான். அதைப் பார்க்க ஜாக்கி இல்லை, 1984இலேயே போய்விட்டார். நடுவில் 1944இல் பர்மாவில் கிளைடர் விமானி, அறுபதுகளில் தொலைக்காட்சியில் 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரின் மொட்டைத்தலை அங்கிள் ஃபெஸ்டர் என்று அவர் வாழ்க்கை ஓடியது. மனிதர் உடைந்துபோகவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்துப் பேசிய அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அவருடைய அப்பா சின்ன வயதில், பையன்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் பையன்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது நம் மதுரையில்தான். எம்.ஜி.ஆர். வளர்ந்ததும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். அவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும். அம்மா பேசியது பெயர் தெரியாத பையன்களைப் பற்றி. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த அன்றே பாட்டு வேஷம் போய்விடும். பெண் வேஷத்தில் கைதட்டல் வாங்கியவர் அப்பா. குரல் உடைந்ததும் திரை இழுக்க விட்டுவிட்டார்களாம். சம்பளம் ஊருக்கு மணியார்டரில் போகும், அவர் கண்ணால் பார்த்ததில்லை. "அப்பா கடைசிவரை யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் எங்களை நாடகம் பார்க்கவும் விட்டதில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்நிய ஊர்க் கதையாகத் தொடங்கியது அதற்குப் பிறகு எங்கள் தெருக் கதையாகிவிட்டது.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அய்யாவுக்கும் வழக்கறிஞர் தங்கைக்கும் சேர்த்தே நன்றி. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளை இருவரும் நிதானமாக விளக்கினார்கள். குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வு தராமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படிப்பு விட்டுப்போகக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். சீரியலில் நடிக்கும் பையனின் அப்பா ஒருவர் கூட்டத்தில் எழுந்து, இது எதையும் தன்னிடம் யாரும் சொன்னதில்லை என்றார். அய்யா நிகழ்ச்சி முடிந்தும் அவரோடு உட்கார்ந்து, கணக்கு எப்படித் திறப்பது, என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். என்னைக் கேட்டால் அன்றைக்கு நடந்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

சுக்குக் காபி போட்ட அக்காக்களுக்கும், நாற்காலிகளைச் சுமந்த தம்பிகளுக்கும், மழைத் தூறலிலும் கலையாமல் வந்த எல்லோருக்கும் நன்றி.

தங்கை அந்த விதிகளை எளிய தமிழில் இரண்டு பக்கமாகத் தட்டச்சு செய்து தந்திருக்கிறார். நூலக மேசையில் இருக்கிறது. நடிப்பு, விளம்பரம், பாட்டுப் போட்டி என்று பிள்ளைகளை அனுப்பும் வீட்டுக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், நகல் எடுக்கும் செலவு நூலகத்துடையது.

அன்புடன்,
நூலகத்துக்காக உங்களில் ஒருவர்