அந்தக் கேள்விய ஒன்பது வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கத்த விடாம படிக்கிறவன் நான். கிட்னி கல்லு, டயாலிசிஸ், சுகர்னால கிட்னி கெடுறதுன்னு நிறைய போட்டிருக்கீங்க, ஆனா பரம்பரையா வர்ற கிட்னி கேன்சர் பத்தி என் கண்ணுல ஒண்ணும் படல, அதான் எங்க வீட்டுல நடந்தத எழுதுறேன்.

ஒன்பது வருஷம் முன்னாடி என் தங்கச்சிக்கு 29 வயசுலயே கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. பைப்ராய்டு கட்டி, பத்துக்கு மேல இருந்துச்சு, மாசா மாசம் ரத்தம் போயி ஹீமோகுளோபின் 6க்கு இறங்கி வேற வழியில்லாம ஆபரேஷன். எங்கம்மாவுக்கு கையிலயும் முதுகுலயும் பட்டாணி சைஸ்ல செவந்த கட்டிங்க பல வருஷமா உண்டு, மார்கழில பச்சத்தண்ணி பட்டா சுருக்கு சுருக்குன்னு குத்துதுன்னு துடிப்பாங்க, கொழுப்புக் கட்டின்னு களிம்பு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நாங்க எங்க கண்டோம்.

அப்புறம் தம்பி. 36 வயசு, பீடி சிகரெட் தொட்டதில்ல. வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்தப்ப வலது கிட்னில ரெண்டரை சென்டிமீட்டர் கட்டி இருக்குன்னு தெரிஞ்சது. சின்னதுதான், ஆறு மாசம் கழிச்சு பாக்கலாம்னாங்க. மத்த கிட்னி கட்டிங்களுக்கு அப்படி காத்திருக்கறது தப்பில்லதான், மூணு சென்டிமீட்டர் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கறதும் உண்டு, ஆனா இந்த வகை சின்னதா இருக்கும்போதே பரவும்னு எங்களுக்கு அப்ப தெரியல. ஆறு மாசத்துல நெறி கட்டிருச்சு.

கட்டியிலேர்ந்து எடுத்த பயாப்சி சதைய வேற ஊர்ல மைக்ரோஸ்கோப்புல பாத்த பெத்தாலஜி டாக்டரம்மாதான் கண்டுபிடிச்சாங்க. செல்லோட உட்கருவுக்குள்ள பெருசா செவப்பா ஒரு பொட்டு, அதச் சுத்தி வெளுப்பா ஒரு வளையம் இருந்துச்சாம். உடனே எங்கள கூப்புட்டு கேட்ட முதல் கேள்வியே, "உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு சின்ன வயசுலயே கர்ப்பப்பை கட்டி வந்திருக்கா?" எனக்கு உடம்பு ஆடிப்போச்சு.

அவங்க சொன்னத எனக்குப் புரிஞ்ச மட்டுக்கும் சொல்றேன். நம்ம செல்லு சக்தி தயாரிக்கிற பாதையில ஃபியூமரேட் ஹைட்ரேடேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. ஃபியூமரேட்ட மாலேட்டா மாத்துறது அதோட வேலை. அத உண்டாக்குற ஜீன் ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு காப்பி இருக்கும், அதுல ஒரு காப்பி பிறவியிலயே பழுதாகி, பின்னாடி ஏதோ ஒரு செல்லுல இன்னொரு காப்பியும் போயிட்டா, மதகு அடைச்ச வாய்க்கால் மாதிரி ஃபியூமரேட் தேங்கிடுது, ஆக்சிஜன் இருந்தும் இல்லாத மாதிரி செல்லு நடந்துக்கிட்டு புது ரத்தக்குழாய வளக்க ஆரம்பிக்குது. அம்மாவோட தோல் கட்டியும் இதுதான், புல்லரிக்கும்போது முடிய நிமித்துற குட்டித் தசையிலேர்ந்து வர்றது. 2001ல ஃபின்லாந்து குடும்பங்கள்ல இத விவரமா எழுதி, 2002ல ஜீனையே கண்டுபிடிச்சிட்டாங்க. எங்க வீட்டுக்கு அந்த சேதி வந்து சேர இத்தன வருஷம் ஆச்சு.

பைப்ராய்டு இருக்கற பொண்ணுங்க இதப் படிச்சு பயந்துராதீங்க. பைப்ராய்டு ரொம்ப சாதாரணம், இந்த ஜீன் கோளாறு ரொம்ப அபூர்வம். ஆனா இருபதுகள்லயே நிறைய கட்டி வந்து, தோல்ல குளுருக்கு வலிக்கிற கட்டியும் இருந்து, இல்ல வீட்ல யாருக்காவது 46 வயசுக்குள்ள கிட்னி கேன்சர் வந்திருந்தா கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க. எடுத்த கட்டியில அந்த என்சைம் இருக்கா இல்லையான்னு காட்டுற இம்யூனோ ஸ்டெய்ன்னு ஒரு சாயம் போட்டுப் பாத்தா நல்ல துப்பு கிடைக்கும், அப்புறம் ரத்தத்துல ஜீன் டெஸ்ட். இதே மாதிரி சக்சினேட் டிஹைட்ரஜனேஸ்னு பக்கத்து என்சைம் கெட்டும் கிட்னி கேன்சர் வருது, அந்தக் குடும்பங்கள்ல கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பி பக்கமோ கழுத்துலயோ கட்டி வரலாம், சில பேரு சின்ன வயசுலயே பிரஷர், படபடப்புன்னு கஷ்டப்படுவாங்க.

எந்த வகைன்னு தெரிஞ்சா வைத்தியமே மாறுது. அமெரிக்காவுல தேசிய புற்றுநோய் நிறுவனத்துல பெவாசிசுமாப், எர்லோடினிப்னு ரெண்டு கேன்சர் மருந்தையும் சேத்துக் குடுத்ததுல இந்தப் பரம்பரை வகைக்காரங்க பத்துல ஏழு பேருக்கு கட்டி நல்லா சுருங்கியிருக்கு. தம்பிக்கும் குடுத்தோம், கொஞ்ச நாள் கேட்டுச்சு, ஆனா அதுக்குள்ள எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு. போன பங்குனில போயிட்டான்.

பழுதான ஜீன் ஆம்பள பொம்பள வித்தியாசமில்லாம ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புல போகும். அம்மாவுக்கு இருக்கு, தங்கச்சிக்கு இருக்கு, எனக்கு இல்லன்னு வந்துச்சு, அந்த ரிப்போர்ட்ட கையில வாங்கினப்ப சந்தோஷப்பட முடியல. தங்கச்சி மகளுக்கு 11 வயசு, அவளுக்கும் இருக்கு. இருந்தா எல்லாருக்கும் கேன்சர் வரும்னு இல்ல, ஆனா எட்டு வயசுலேர்ந்தே வருஷா வருஷம் எம்ஆர்ஐ பாக்கணும், வெறும் அல்ட்ராசவுண்ட்ல சின்னக் கட்டி தப்பிடும். இந்த வருஷம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல.

உங்க மருத்துவப் பக்கத்துல ஒரு பெத்தாலஜி டாக்டர வச்சு இதப்பத்தி முழுசா போடுங்க. படிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு, தங்கச்சிக்கு ஒன்பது வருஷம் முன்னாடி எடுத்த கர்ப்பப்பையோட மெழுகு பிளாக், அதாவது டெஸ்டுக்காக மெழுகுல பதிச்சு வச்ச சதைத் துண்டு, பீரோவுல ரிப்போர்ட் கவர்ல கெடந்துச்சு, அதுலதான் ஸ்டெய்ன் போட்டு என்சைம் இல்லன்னு பாத்தாங்க. உங்க வீட்ல அப்படி பழைய பிளாக் இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன், திண்டுக்கல்