கண்மாய்க் கரையில் செடி பார்க்கப் போகிறோம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் கண்மாய் நிறைந்துவிட்டது. இந்த மாதம் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகிறோம். "படிக்கிற பிள்ளைக்குக் கண்மாயில் என்ன வேலை?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இலை அமைவு, நரம்பு அமைவு, பூவின் பாகங்கள் எல்லாம் பாடத்தில் இருப்பவையே. கரும்பலகையில் நான் வரையும் இலையைவிட, கையில் பிடித்துப் பார்க்கும் இலை நன்றாகப் புரியும்.

பெயர் தெரியாத செடி என்றால் எல்லோருக்கும் முதலில் பூதான் கண்ணில் படும். பூவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். வள்ளைக்கீரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் புனல் போன்ற இளஞ்சிவப்புப் பூ. ஆனால் வள்ளை தண்ணீர்மேல் கொடியாகப் படரும். தண்டு உள்ளே கூடாக இருக்கும். கணுவுக்குக் கணு வேர் விடும். இலை பெரும்பாலும் அம்பு முனை போல இருக்கும். காட்டாமணக்கு ஆள் உயரத்துக்குப் புதராக நிமிர்ந்து நிற்கும். இலை இதய வடிவில் தொடங்கி நுனியில் நீளும். வள்ளையைக் கடைந்து சாப்பிடுகிறோம். மற்றது நஞ்சு. அதைத் தொடர்ந்து மேய்ந்த ஆட்டுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாமரையையும் அல்லியையும் பூ இல்லாத நாளிலும் பிரித்துவிடலாம். தாமரை இலை முழு வட்டம். காம்பு நடுவில் சேரும். இலை பல நேரம் நீருக்கு மேலே எழுந்து நிற்கும். அல்லி இலை நீரில் படிந்து கிடக்கும்; ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு பிளவு ஓடும். பூத்திருந்தால் இன்னும் சுலபம். நடுவில், விதைகள் பதிந்திருக்கும் தட்டையான பொகுட்டு இருந்தால் தாமரை.

ஆரைக்கீரையில் எவ்வளவு தேடினாலும் பூ கிடைக்காது. பார்க்கக் கீரை போல இருந்தாலும் அது பூக்காத பெரணி வகை. ஒரு காம்பில் நான்கு சிற்றிலைகள் இருந்தால் ஆரை; மூன்று இருந்து, மஞ்சள் பூவும் இருந்தால் புளியாரை. எட்டாம் வகுப்புக்காரர்களுக்கு இது நல்ல விளையாட்டாக இருக்கும்.

அப்புறம், வெங்காயத் தாமரை. ஊதாப் பூ அழகுதான். மேல் இதழில் மஞ்சள் பொட்டு வேறு. காம்பு உப்பி வெங்காயம் போலிருக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, பக்கத்தில் குட்டி போட்டுக்கொண்டே போய் நீரை மூடிவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு எடுத்து வந்தால் தொட்டியிலோ கிணற்றிலோ போட விடாதீர்கள்.

செல்போனில் படம் எடுத்துச் செடியின் பெயரைக் கேட்கலாமா என்கிறார்கள். கேட்கட்டும். பூவை மட்டும் எடுக்காமல் இலையின் முன்புறம், பின்புறம், இலை தண்டோடு சேரும் இடம் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். செல்போன் சொல்லும் பெயரை நம்பி எதையும் வாயில் வைக்கக் கூடாது, ஆட்டுக்கும் போடக் கூடாது.

பிள்ளைகள் கரையில்தான் நிற்பார்கள். தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. ஆசிரியர்கள் உடன் இருந்தாலும் நீச்சல் தெரிந்த பெற்றோர் இரண்டு பேர் வந்தால் எனக்கு நிம்மதி. மற்ற நாட்களில், "சார் சொன்னார்" என்று தனியாகக் கிளம்பினால் தயவுசெய்து விடாதீர்கள். செடியை வேரோடு பிடுங்க மாட்டோம். ஓர் இலை, ஒரு பூ போதும்.

ஒவ்வொரு செடிக்கும் உங்கள் வீட்டில் வழங்கும் பெயரை, முக்கியமாகத் தாத்தா, பாட்டி சொல்லும் பெயரை, பிள்ளையின் நோட்டில் எழுதி அனுப்புங்கள். இலைகளை அழுத்திக் காயவைக்கப் பழைய செய்தித்தாள் நிறைய வேண்டும். இருப்பவர்கள் வியாழக்கிழமைக்குள், கையெழுத்திட்ட சம்மதச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்