பண்ணைக்குட்டைப் பாசிக்கு மருந்து கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மாசி பிறந்ததிலிருந்து காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் கடைக்கு வருகிறவர்களில் பலரும் குட்டையில் பாசி மூடிவிட்டதென்று சொல்லி மருந்து கேட்கிறார்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்காமல் நாங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்பதும், குட்டைக்கென்று களைக்கொல்லி கேட்டால் விற்பதில்லை என்று சொல்வதும் சிலருக்கு வருத்தம் தந்திருப்பதை அறிவோம். ஆடும் மாடும் வாய் வைத்துக் குடிக்கிற தண்ணீர் என்பதால்தான் இவ்வளவு தயங்குகிறோம். அந்தத் தயக்கத்துக்கான காரணங்களையும், மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றையும் விரிவாகச் சொல்லவே இம்மடலை எழுதுகிறோம்.

முதலில், குட்டையில் இருப்பது எது என்று தெரிய வேண்டும். ஒரு நீண்ட குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. கரையோரத்தில் அடியில் தோன்றி, வெயில் ஏறும்போது உள்ளே காற்றுக் குமிழிகள் சேர்ந்து மிதந்து மேலே வரும். சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களின் வடிகட்டியை அடைப்பது பெரும்பாலும் இதுதான். தண்டும் இலையுமாக வந்தால் அது வேலம்பாசி போன்ற நீர்க்களை. குச்சி பெயிண்டில் தோய்த்தெடுத்தது போலப் பச்சையாகவோ நீலம் கலந்தோ வழவழவென்று வந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் அன்றைக்கே கால்நடைகளை வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்து இரவு முழுவதும் அசையாமல் வைத்திருந்தால், நீலப்பச்சைப் பாசி பெரும்பாலும் மேலே ஏடாகத் திரளும். மற்றப் பச்சைப் பாசிகள் அடியில் படியும். இதை வைத்து முடிவாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், எச்சரிக்கையாக இருக்க இந்த அடையாளம் போதும்.

நீலப்பச்சைப் பாசியின் சில வகைகள் ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்குபவை. காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கத்துக் கரையில் அந்த ஏடு ஒதுங்கிக் குவியும். மாடு இறங்கிக் குடிக்கும் இடமும் அந்தக் கரையாகவே அமைந்துவிட்டால் ஆபத்து பலமடங்காகிவிடும். குடித்த மாடு தள்ளாடினாலோ நடுங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். இன்னொன்றும் மறக்கக் கூடாது. மருந்து போட்டு இந்தப் பாசியைக் கொன்றால், அதன் உடலுக்குள் இருந்த நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலக்கும். பாசி மறைந்து தண்ணீர் தெளிந்த பிறகும் அது பல நாட்கள் குடிக்கத் தகாததாக இருக்கலாம்.

பாசியும் களையும் ஏன் வருகின்றன என்று பார்த்தால், தண்ணீரில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுந்து, அடி வரை வெளிச்சம் இறங்கும் ஆழமற்ற கரைகளும் இருந்தால் வராமல் இருக்கவே முடியாது. சாணம், ஆட்டுப் புழுக்கை, மழையோடு அடித்து வரும் டி.ஏ.பி., யூரியா, கரையில் நிற்கும் மரங்களின் இலை, காய் எல்லாம் கடைசியில் குட்டைக்குத்தான் உரமாகின்றன. ஒரு மாடு ஒரு நாளைக்குப் போடும் சாணம் 10 கிலோவுக்குக் குறையாது. வெயிலுக்கு இதமாக மந்தை முழுவதும் தண்ணீரில் இறங்கி நிற்கும் குட்டையில் எத்தனை முறை மருந்து போட்டாலும் அடுத்த மாதம் மறுபடியும் பாசி வரும். பணம் வீணாவது உங்களுக்கு என்பதால் இதைச் சொல்லாமல் மருந்தை மட்டும் விற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே முதல் செலவை வேலிக்கும் தொட்டிக்கும் செய்யுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களுக்குக் கிளுவை வேலி போடத் தெரிந்த ஊர் நம் ஊர்; அதே கிளுவைக் குச்சிகளைக் குட்டையைச் சுற்றியும் நடலாம். கரைக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, குழாய் வழியாகத் தண்ணீரை அதில் விட்டு, மிதவை வால்வு பொருத்திவிட்டால் மாடுகள் சுத்தமான தண்ணீர் குடிக்கும். கரையும் மிதிபட்டுச் சரியாது. குட்டைக்குள் மழைநீர் வரும் வாய்க்காலின் முகப்பில் வண்டல் படிய ஒரு சிறு குழியும், அதற்கு முன்னால் சில அடி அகலத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லும் இருந்தால், மண்ணோடு சேர்ந்து வரும் உரத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். வெள்ளாமைக்கு உரமிடும்போது குட்டைக்கு மேட்டுப் பக்கம் இருக்கும் கடைசிச் சால்களை விட்டுவிடுவதும் நல்லது.

ஏற்கனவே வந்துவிட்ட களையைக் கையால் வாரி எடுப்பதைவிட நம்பகமான வழி வேறில்லை. இழைப்பாசியை இரண்டு பேர் இரு கரையிலும் நின்று பழைய வலையை இழுத்தே ஒதுக்கிவிடலாம். தார்ப்பாய் விரித்த குட்டையில் மட்டும் இரும்புப் பல் வைத்த வாரியை இறக்கக் கூடாது. வேலம்பாசி ஒடிந்த துண்டிலிருந்தே மீண்டும் முளைப்பது. அதனால் துண்டுகளைத் தண்ணீரில் விடாமல் அள்ள வேண்டும். ஆகாயத்தாமரை ஒன்றிரண்டு செடியாகத் தெரியும்போதே எடுத்தால் ஒரு ஆள் வேலை. இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக் கூடிய செடி அது. அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் பூக்கும் முன் எடுத்துவிடுவது முக்கியம். வாரியதைக் கரையிலேயே குவித்தால் அழுகி, அதன் சத்து மறுபடியும் தண்ணீருக்கே வடியும். தென்னம்பாத்திக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசியில் குட்டை வற்றினால் அது பெரிய வாய்ப்பு: அடிச்சேற்றைச் சுரண்டி வயலுக்கு அடித்துவிட்டு, கரையோரத்தை மூன்று அடிக்குக் குறையாமல் ஆழப்படுத்தினால், ஐப்பசி மழையில் நிரம்பும் தண்ணீரில் களை வேர்விட இடம் குறையும்.

மீன் விடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: புல்கெண்டை வேலம்பாசியையும் அசோலாவையும் விரும்பித் தின்னும், ஆகாயத்தாமரையை அநேகமாகத் தொடாது, இழைப்பாசிக்கும் அதை நம்ப முடியாது. விரல் நீளக் குஞ்சாக விட்டால் கொக்கும் விராலும் முடித்துவிடும் என்பதால், வளர்ந்த குஞ்சுகளாக அரசு மீன்பண்ணைகளில் கேட்டு வாங்குங்கள். நிரம்பி வழியும் இடத்தில் கம்பிவலை கட்டாயம் வேண்டும்.

இனி மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். இழைப்பாசிக்கு இது வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் அளவு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கும் மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்தால் வருவதே ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் துத்தம் என்பதன் உச்ச அளவு. 100 அடி நீளம், 60 அடி அகலம், சராசரி 5 அடி ஆழம் உள்ள குட்டையில் ஏறக்குறைய எட்டரை லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். காரத்தன்மை 100 என்றால் அதற்கு 850 கிராம். 200 என்றால் 1.7 கிலோ. காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது, மீன் செத்துவிடும். போர்த்தண்ணீர் கலந்து நிற்கும் பங்குனியில் பொறுத்துக்கொண்ட அதே குட்டை, காரத்தன்மை குறைந்த புது மழைநீர் நிரம்பிய கார்த்திகையில் அதே அளவைத் தாங்காது. பக்கத்துத் தோட்டத்தில் போட்ட அளவைக் கேட்டுப் போடாதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அளவு சரியாக இருந்தாலும் ஒரே நாளில் குட்டை முழுவதும் போடக் கூடாது. செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும்; கோடைச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கனவே குறைவு, விடியற்காலையில் மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அந்த நேரத்தில்தான். மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்கு மட்டும் போட்டு, 10 முதல் 14 நாள் பொறுத்து அடுத்த பங்குக்குப் போகலாம். பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள், இரும்பு வாளி வேண்டாம்.

செம்மறி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மாட்டைவிடச் செம்மறிக்குச் செம்பு மிக எளிதில் நஞ்சாகும். சிறுகச் சிறுக ஈரலில் சேர்ந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்து, ஒரு நாள் திடீரென இரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் சிவந்து, ஆடு விழுந்துவிடும். துத்தத்தின் எடையில் கால் பங்கு செம்பு. அது மறைந்து போவதில்லை, சேற்றில் படிந்து ஆண்டுக்காண்டு கூடும். எனவே செம்மறி குடிக்கும் குட்டைக்கு நாங்கள் துத்தம் தருவதில்லை. வாரி எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்ற உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் இதில் தளர முடியாது.

களைக்கொல்லிகளைப் பொறுத்தவரை, கிளைபோசேட்டை அரசு அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டது. வரப்புக்கு வாங்கிய வேறு மருந்தைக் குட்டையில் தெளித்தால், அதே தண்ணீர் பாசனத்துக்குப் போகும்போது முருங்கையும் தக்காளியும் கருகக் கூடும். அதனால் குட்டைக்கென்று எந்தக் களைக்கொல்லியும் நம் கடையில் கிடைக்காது.

அடுத்த முறை வரும்போது, கரையிலிருந்து சற்றுத் தள்ளி முழங்கை ஆழத்தில் மொண்ட ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி பாசி, குட்டையின் நீள அகல ஆழம், அதில் குடிக்கும் கால்நடைகளின் விவரம் ஆகியவற்றோடு வாருங்கள். காரத்தன்மையைக் கட்டணமின்றிப் பார்த்து, எதைச் செய்யலாம் என்பதை எழுதியே கொடுக்கிறோம். தண்ணீரை எடுத்த அன்றே கொண்டு வருவது நல்லது.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்