ராபர்ட் ஃப்ரிப்பை இன்னும் எத்தனை நாள் வாசலிலேயே நிற்க வைப்பீர்கள்?

கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ராக் இசையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் பட்டியலில் டேவிட் போவியை 1996ல் சேர்த்துக்கொண்டீர்கள். டாக்கிங் ஹெட்ஸை 2002ல், ப்ளாண்டியை 2006ல், பீட்டர் கேப்ரியலைத் தனிக் கலைஞராக 2014ல், அதே வருஷம் ஹால் அண்ட் ஓட்ஸை, 2019ல் ராக்ஸி மியூசிக்கோடு சேர்த்து பிரையன் ஈனோவை. எல்லாரும் தகுதியானவர்கள்தான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் போவி, டாக்கிங் ஹெட்ஸ், ப்ளாண்டி, ஈனோ என்று ஒவ்வொருவர் ஆல்பத்திலும் வந்து கிட்டார் வாசித்துவிட்டுப் போனவர், கேப்ரியலின் இரண்டாவது ஆல்பத்தையும் டேரில் ஹாலின் முதல் தனி ஆல்பத்தையும் தயாரித்துக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே, ராபர்ட் ஃப்ரிப், அவர் எங்கே? அவரும் உங்கள் பட்டியலில் இல்லை, அவருடைய இசைக்குழுவான கிங் கிரிம்சனும் இல்லை. முதல் இசைத்தட்டு வந்து 25 வருஷம் ஆகியிருந்தால் போதும் என்பது நீங்களே போட்ட விதி. கிரிம்சனின் முதல் ஆல்பம் வந்தது 1969ல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இவர் பிறவி மேதையும் இல்லை. இங்கிலாந்தின் டார்செட் பக்கம் விம்போர்ன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர், 1957 கிறிஸ்துமஸுக்கு அம்மா கிட்டார் வாங்கிக் கொடுத்தபோது வயது 11. தனக்குச் சுருதி ஞானமும் கிடையாது, தாள ஞானமும் கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்கு இடக்கைக்காரர், வலக்கைக் கிட்டாரில் பழகினார். அப்பாவின் வீடு, நிலம் விற்கும் தொழிலில் கொஞ்ச காலம் ஓட்டினார். அங்கிருந்து கிளம்பியவர்தான் 1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில், ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையேறுவதற்கு முன்பு, லட்சக்கணக்கான பேர் நடுவே கிரிம்சனோடு வாசித்தார். அக்டோபரில் ஆல்பம் வந்தது, பிரிட்டன் பட்டியலில் 5ஆம் இடம் பிடித்தது. டிசம்பரிலேயே குழுவில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் கடையைச் சாத்தியிருப்பார்கள்.

போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1977, பெர்லின், ஹன்சா ஸ்டுடியோ. கிட்டத்தட்ட மூன்று வருஷமாக இசைத் தொழிலை விட்டு ஒதுங்கியிருந்த ஃப்ரிப் நியூயார்க்கிலிருந்து விமானம் ஏறி வந்து இறங்குகிறார். அந்தப் பாட்டு முழுக்க இழுத்துக்கொண்டே போகிற ஒரு நாதம் கேட்குமே, அது சும்மா வந்ததில்லை. ஸ்பீக்கரிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் எந்தச் சுரம் ஃபீட்பேக்கில் (ஸ்பீக்கர் ஒலி கிட்டாருக்கே திரும்பி வந்து எழுப்பும் சத்தம்) பிடித்து நிற்கிறது என்று பார்த்து, தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் மாறி நின்று வாசித்தார் என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்லியிருக்கிறார். மூன்று முறை வாசித்ததை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்ததுதான் நாம் கேட்பது. ஃபீட்பேக் என்றாலே எரிச்சலூட்டும் சத்தம். அதைத் தரையில் கோடு போட்டு வேலை வாங்கிய மனுஷன் இவர்.

அதற்கும் முன்பே ஈனோவோடு உட்கார்ந்து இரண்டு ரீவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களை இணைத்திருந்தார். முதல் இயந்திரத்தில் பதிவாகும் நாடா, கொஞ்சம் தள்ளி வைத்த இரண்டாவது இயந்திரத்தில் சில விநாடி கழித்து ஒலிக்கும். அந்த ஒலி திரும்ப முதலாவதுக்கே போகும். அதன் மேல் அடுத்த சுரம் ஏறும். ஒற்றைக் கிட்டார் ஒரு கூட்டமாகிவிடும். 1979ல் இந்த இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு இசைத்தட்டுக் கடைகளிலும் உணவகங்களிலும் போய் வாசித்தார். இன்று வாசித்ததையே திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும் லூப்பர் பெடலை மிதித்துக்கொண்டு தனியாளாக வாசிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அப்புறம் 1981. கிரிம்சனின் இன்னொரு கிட்டார் கலைஞர் ஏட்ரியன் பெலூவும் இவரும் ஒரே மாதிரித் தொடங்குவார்கள், ஒருவர் 14 சுரச் சுற்றில் போய்க்கொண்டிருக்க மற்றவர் ஒரு சுரத்தைக் கழித்து 13க்கு மாறிவிடுவார், இரண்டும் விலகி விலகிப் போய், தொலைந்தே போனார்கள் என்று நாம் நினைக்கும்போது வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை கேட்கிறவர்கள் இசைத்தட்டில் கோளாறு என்றுதான் நினைப்பார்கள்.

நிர்வாக நிறுவனத்தோடு பல வருஷம் வழக்கு நடத்தி, 1992ல் சொந்தமாக டிஜிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, பதிப்புரிமை கலைஞனுக்கே என்று எழுதிவைத்த கதையை நான் இங்கே நீட்டவில்லை. அதற்குத் தனி மடல் வேண்டும்.

உங்கள் பக்கத்துத் தயக்கமும் புரிகிறது. ப்ராக் ராக் என்றாலே, அதாவது நீளமும் சிக்கலுமான கிரிம்சன் வகை ராக் என்றாலே, உங்களில் சிலருக்கு முகம் சுளிக்கும். சரி, பிடிக்காவிட்டால் போகட்டும், ஆனால் பிங்க் ஃப்ளாய்ட், ஜெனிசிஸ், ரஷ் எல்லாம் உள்ளே வந்தாயிற்றே. யெஸ்ஸை 2017ல் சேர்த்தீர்கள். அதன் பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்குவயர் 2015லேயே இறந்துவிட்டார், விழாவைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கிரிம்சன் விஷயத்திலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது. அதில் வாசித்த கிரெக் லேக் 2016ல் போனார், ஜான் வெட்டன் 2017ல், இயன் மெக்டொனால்ட் 2022ல், முதல் ஆல்பத்தின் வரிகளை எழுதிய பீட்டர் சின்ஃபீல்ட் 2024ல். ஃப்ரிப் 1946ல் பிறந்தவர்.

ஆகவே கேட்பது இதுதான். அடுத்த தேர்வில் கிங் கிரிம்சனைச் சேருங்கள், வாக்கெடுப்பில் தேறாது என்று பயமிருந்தால் இசைத் தாக்கத்துக்கென்று நீங்களே ஒரு தனி விருது வைத்திருக்கிறீர்கள், அதில் கொடுங்கள். கொடுக்கும்போது ஃப்ரிப் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடாமல் மேலே சொன்ன, இறந்துபோன நால்வரையும், குழுவில் வாசித்த மைக்கேல் ஜைல்ஸ், பில் ப்ரூஃபர்ட், பெலூ, டோனி லெவின், பேட் மாஸ்டலாட்டோ ஆகியோரையும் பலகையில் பொறியுங்கள். அவர் விழாவுக்கு வருவாரா, வந்தால் என்ன பேசுவார் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். வராவிட்டாலும் பலகை இருக்கட்டும்.

இப்படிக்கு,
கிரிம்சன் கேட்கும் ஒரு ரசிகன்